போர் தண்ணி வர்ற வீட்டுல சிக்லிட்: எந்த மீனோட எந்த மீன் சேரும்?

கொழாய் வாயில வெள்ளை பூத்துக் கிடக்குது, சோப்பு போட்டா நுரையே வரமாட்டேங்குது, கெட்டில் அடியில சுண்ணாம்பு ஏடு ஏடா கட்டுது, இப்படி ஒரு போர் தண்ணிய வச்சுக்கிட்டு டிஸ்கஸ், ராம், அபிஸ்டோன்னு ஆசைப்பட்டு அதுக்காக ஆர்ஓ தண்ணி புடிச்சு புடிச்சு கலந்து கஷ்டப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த மீனுங்க எல்லாம் தென் அமெரிக்காவுல அமேசான், ஒரினோகோ ஆத்துப் பக்கம் சுண்ணாம்பு ரொம்பக் கம்மியான தண்ணில பிறந்து வளர்ந்தவை. உங்க தண்ணிக்குன்னே பொருந்துற மீனுங்க தனியா இருக்கு, அதுவும் கடல் மீன் அளவுக்கு கலரா இருக்கு. ஆப்பிரிக்காவுல மலாவி ஏரி, டாங்கன்யிகா ஏரி, அங்கிட்டு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து சுண்ணாம்புக்கல் பூமி, இந்த இடத்து சிக்லிட் (நம்ம ஜிலேபி மீனோட குடும்பம்) எல்லாம் கடினத் தண்ணிக்காரங்க. ஆனா ஒண்ணு, தண்ணி ஒத்துக்கிச்சுன்னா மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துக்கும்னு நினைச்சுடாதீங்க. சிக்லிட் டேங்க்ல நிறைய மீன் சாகுறது தப்பான ஜோடி சேர்த்ததாலதான், அதனால இந்தக் கட்டுரைல அதைத்தான் ரொம்ப நேரம் பேசப்போறேன்.

முதல்ல தண்ணிய அளந்துருங்க. டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்துட்டு "எங்க வீட்டுல 1200 காட்டுது, செம ஹார்ட் வாட்டர்"னு சொல்றது சரி கிடையாது. டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரைஞ்ச எல்லா உப்பையும் மொத்தமா சேர்த்துக் காட்டும், அதுல எவ்ளோ கால்சியம் மெக்னீசியம், எவ்ளோ வெறும் சோடியம் உப்புன்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. கடலை ஒட்டி இருக்குற ஏரியால கடல் தண்ணி நிலத்தடில ஏறி வந்து டிடிஎஸ் எகிறும், அதுல பெரும்பங்கு சோடியம் உப்புக் கரிப்புதான், அந்த நம்பரை அப்படியே கடினத்தன்மைன்னு எடுத்துக்க முடியாது. அதனால ஜிஎச் (கால்சியம் மெக்னீசியம் கடினத்தன்மை), கேஎச் (பிஎச் சரியாம தாங்குற கார்பனேட் அளவு) ரெண்டுக்கும் சொட்டு விட்டுப் பாக்குற கிட் வாங்குங்க. ட்யூப்ல தண்ணிய எடுத்து சொட்டு சொட்டா விட்டு கலர் மாறுற வரைக்கும் எண்ணணும், பெரும்பாலான கிட்ல ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. கிட் கிடைக்கலையா, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல கட்டணம் கட்டி தண்ணி டெஸ்ட் பண்ணிக்கலாம், அந்த ரிப்போர்ட்ல டோட்டல் ஹார்ட்னஸ், டோட்டல் அல்கலினிட்டின்னு ரெண்டு நம்பர் பிபிஎம்ல (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) இருக்கும், ரெண்டையும் 17.8ஆல வகுத்தா ஜிஎச்சும் கேஎச்சும் டிகிரில வந்துரும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். மலாவி ஏரித் தண்ணில ஜிஎச் 4லேர்ந்து 6 டிகிரிதான், கேஎச் 6லேர்ந்து 8, பிஎச் 7.7லேர்ந்து 8.6 வரைக்கும். டாங்கன்யிகால ஜிஎச் சுமாரா 7லேர்ந்து 11, கேஎச் 16 - 19, பிஎச் 9ஐ ஒட்டிப் போகும். நம்ம ஊர்ல குடிதண்ணிக்கான இந்திய தர அளவுலயே கடினத்தன்மை 200 பிபிஎம் வரைக்கும் நல்லது, வேற வழி இல்லன்னா 600 வரைக்கும் பரவாயில்லன்னு வச்சிருக்காங்க. 600 பிபிஎம்னா கிட்டத்தட்ட 34 டிகிரி! அதாவது பல வீட்டு போர் தண்ணி அந்த ஏரிகளை விடவே ரொம்ப கடினம். "ஹார்ட் வாட்டர் மீன்தானே, எவ்ளோ இருந்தா என்ன"ன்னு விட்டுறக் கூடாது. 20 டிகிரி வரைக்கும் பண்ணைல பிறந்த மலாவி மீனுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அதுக்கு மேல போச்சுன்னா பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ கலந்து இறக்கிக்கங்க. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணிய அப்படியே டேங்க்ல ஊத்துறதும் வேண்டாம், உள்ள வர்ற தண்ணிய விட அது இன்னும் செறிவா இருக்கும். வீட்டுல வாட்டர் சாஃப்ட்னர் போட்டிருந்தா அதுக்கு முன்னாடி இருக்குற கொழாய்ல இருந்து தண்ணி புடிங்க, சாஃப்ட்னர் கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த வச்சு அனுப்புது, நமக்கு அது உதவாது. அதே மாதிரி டேங்க்ல கல் உப்பு அள்ளிப் போடுற பழக்கத்தையும் விட்டுருங்க, கல் உப்பு போட்டா ஜிஎச் ஒரு டிகிரி கூட ஏறாது.

போர் தண்ணி புதுசா மேல வரும்போது அதுல கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைஞ்சிருக்கும், அப்ப அளந்தா பிஎச் 7 காட்டும், அதையே ஒரு பக்கெட்ல ஏர் ஸ்டோன் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டு காலைல அளந்தா 8 தாண்டி நிக்கும், அதுதான் உங்க தண்ணியோட நிஜமான பிஎச். வாட்டர் சேஞ்சுக்கும் இப்படி காத்து அடிச்ச தண்ணியத்தான் ஊத்தணும், போர் தண்ணில ஆக்சிஜனும் கம்மியா இருக்கும். வெயில் காலத்துல மொட்டை மாடி டேங்க் தண்ணி மத்தியானம் கொதிக்கும், விடிகாலைல புடிச்சு வச்சிருங்க. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற வீடுன்னா குளோரின் எடுக்குற மருந்து கட்டாயம்.

பிஎச் ஏற ஏற அம்மோனியாவோட விஷமும் ஏறும், இதை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். 28 டிகிரி வெப்பத்துல பிஎச் 7 இருந்தா மொத்த அம்மோனியால நூத்துல ஒரு பங்கு கூட விஷ வடிவத்துல இருக்காது, பிஎச் 8.5 ஆச்சுன்னா ஆறுல ஒரு பங்கு விஷம். அதனால கோல்டு ஃபிஷ் டேங்க்ல தப்பிச்ச அலட்சியம் இங்க தப்பிக்காது. டேங்க் செட் பண்ணி ஃபில்டர்ல பாக்டீரியா புடிக்க ஒரு மாசம் ஒன்றரை மாசம் டைம் குடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ வந்த பிறகு மீனை விடுங்க. ஒரு நல்ல செய்தி, கேஎச் நிறைய இருக்குற தண்ணில இந்த பாக்டீரியா நல்லாவே வளரும், பிஎச்சும் திடீர்னு சரியாது.

சரி, மீனுக்கு வருவோம். "ஆப்பிரிக்கன் சிக்லிட்"னு கடைல ஒரே பேர்ல விக்கிறாங்க, அதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சேரவே சேராத கூட்டம் நாலஞ்சு இருக்கு. எதோட எது சேரும்னு பாக்குறப்ப நாலு கேள்வி கேளுங்க: ரெண்டும் ஒரே சாப்பாடு சாப்பிடுமா, கோவம் ஒரே அளவா, கலரும் உடம்பு வாகும் வேற வேறயா இருக்கா, டேங்க்ல நிக்கிற இடம் வேற வேறயா. முதல் ரெண்டும் ஒத்துப் போகணும், அடுத்த ரெண்டும் வித்தியாசப்படணும்.

மலாவில பாறை இடுக்குல வாழ்ற கூட்டத்துக்கு எம்புனான்னு பேர். ஏரில பாறை மேல படியுற பாசியையும் அதுல இருக்குற குட்டிப் பூச்சியையும் நாள் முழுக்க சுரண்டிச் சாப்பிடும், குடல் நீளமா இருக்கும். இதுக்கு ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) கலந்த தீனி போடணும். ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம் மாதிரி மாமிச சாப்பாட்டைத் தொடர்ந்து போட்டா வயிறு ஊதி, தீனியத் துப்பி, வெள்ளையா நூல் நூலா கழிஞ்சு செத்துப் போகலாம், இதை மலாவி ப்ளோட்னு சொல்றாங்க. பீகாக், ஹாப் எல்லாம் அதே ஏரிதான், ஆனா மணல்ல பூச்சி தேடுற, சின்ன மீன் புடிக்கிற கூட்டம், அதுக்கு புரோட்டீன் வேணும், எம்புனா அளவுக்கு முரடும் கிடையாது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா சாப்பாட்டுலயும் இடிக்கும், எம்புனா அடிக்கிற அடில பீகாக் கலர் மங்கி மூலைல ஒதுங்கும். நிறைய பேர் மிக்ஸ் பண்ணி வச்சிருக்காங்கதான், பெரிய டேங்க்ல சாதுவான எம்புனா போட்டு ஓட்டவும் செய்றாங்க, ஆனா முதல் டேங்க்லயே அதை முயற்சி பண்ண வேண்டாம்.

முதல் தடவை ஆரம்பிக்கிறவங்களுக்கு என்னோட சிபாரிசு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்குற டேங்க், முழுசா ரொப்பினா சுமார் 250 லிட்டர். அதுல மூணு வகை எம்புனா: எல்லோ லேப், ஏசி, ரஸ்டி. எல்லோ லேப் பளிச்சுன்னு மஞ்சள், முதுகுத் துடுப்புல கருப்புக் கோடு, நாலு இஞ்சு வரும், எம்புனால ரொம்ப சாது, பாறை இடுக்குலயே சுத்தும். ஏசி ஊதா கலந்த நீலம், வால் மஞ்சள், கூட்டமா மேல் தண்ணில நீந்தும், ஆறு இஞ்சு வரைக்கும் போகும். ரஸ்டி துருப்பிடிச்ச பழுப்புல ஊதா மினுக்கும், சின்ன மீன், அமைதி. மஞ்சள், நீலம், பழுப்புன்னு மூணும் மூணு கலர், ஒண்ணு இன்னொண்ணை எதிரியாப் பாக்காது, கலப்புக் குட்டி பிறக்குற வாய்ப்பும் குறைச்சல். ஒவ்வொண்ணுலயும் எட்டு குட்டி வாங்குங்க, குட்டில ஆண் பெண் கண்டுபிடிக்கிறது கஷ்டம், வளர்ந்ததும் ஆண் எது முரண்டு பண்ணுதோ அதை எடுத்துக் கடைல குடுத்துட்டு ஒரு ஆணுக்கு நாலஞ்சு பெண்ணுங்குற கணக்குல கடைசில வகைக்கு ஆறு நிக்கிற மாதிரி பாத்துக்கங்க. ஒரு ஆண் ஒரு பெண்ணுன்னு ஜோடியா வாங்கவே வாங்காதீங்க, அந்தப் பெண்ணை ஓட ஓட விரட்டிக் கொன்னுரும். எம்புனா டேங்க்ல கொஞ்சம் நெரிசலா வைக்கிறதுக்குக் காரணமும் இதுதான், கூட்டத்துல ஒண்ணையே குறி வச்சு அடிக்க முடியாது, அடி பத்து மேல பிரிஞ்சு போகும். நெரிசல் வச்சா ஃபில்டரும் அதுக்கேத்த மாதிரி பெருசா இருக்கணும், வாரம் 30 சதவீதம் தண்ணியும் மாத்தணும்.

மூணடி டேங்க்தான் இருக்குன்னா சவுலோசி ஒரே வகையா ஒரு பன்னெண்டு போடுங்க. ஆண் நீலத்துல கருப்புப் பட்டை, பெண்ணு ஆரஞ்சு மஞ்சள், பாக்குறவங்க ரெண்டு ஜாதி மீன்னு நினைப்பாங்க, மூணு இஞ்சுக்குக் கொஞ்சம் மேலதான் வரும். மூணடி டேங்க்ல இதை விட அழகான தேர்வு எனக்குத் தெரிஞ்சு இல்ல. டெமசோனி நீலத்துல கருநீலப் பட்டை, அள்ளிக்கிட்டுப் போகும், ஆனா தன் இனத்தையே கொல்ற மீன், பன்னெண்டுக்கு மேல கூட்டமா வச்சாத்தான் அடங்கும், நாலு அஞ்சு வாங்கினா கடைசில ஒண்ணு மிஞ்சும். நீலப் பட்டை போட்ட இன்னொரு வகையையும் அதோட சேர்க்காதீங்க.

கடைல ஏமாறுற இடங்களைச் சொல்லிடுறேன். "அசார்ட்டட்"னு ஒரு டேங்க்ல கலர் கலரா குட்டிங்க ஓடும், விலை கம்மி, அதுல பாதி ஆரேட்டஸ், கென்யி, இல்லாட்டி கலப்பு. ஆரேட்டஸ் குட்டில மஞ்சள் மேல கருப்புக் கோடு, அவ்ளோ அழகு, வளர்ந்து ஆணானா கருப்பாகி டேங்க் முழுசும் தன்னுதுன்னு நிக்கும். கென்யி குட்டி இளநீலம், ஆண் வளர்ந்தா மஞ்சளாகிரும், அதுவும் அதே குணம். இந்த ரெண்டையும் சாதுவான மீனோட சேர்த்துறாதீங்க. எல்லோ லேப்ல ஆரஞ்சு சாயல் அடிச்சாலோ, முதுகுத் துடுப்புல கருப்புக் கோடு சரியா இல்லன்னாலோ ரெட் ஸீப்ராங்குற இன்னொரு எம்புனாவோட கலந்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, குணமும் மாறிப் போகும். ரெண்டு இஞ்சுக்குள்ள இருக்குற பீகாக் குட்டி எல்லாமே முழுக் கலர்ல ஜொலிச்சா ஹார்மோன் குடுத்திருப்பாங்கன்னு சந்தேகப்படுங்க, வீட்டுக்கு வந்து கொஞ்ச மாசத்துல கலர் வடிஞ்சு போகும். ஓபி பீகாக்னு புள்ளி புள்ளியா விக்கிறது ஏரில கிடையாது, பீகாக்கையும் எம்புனாவையும் கலந்து மனுஷன் உருவாக்கினது, அதனால மத்த பீகாக்கை விட முரடா இருக்கலாம். சென்னைல கொளத்தூர் பக்கம் போறவங்களுக்கு நல்ல வசதி, வளர்க்குறவங்களும் கடைக்காரங்களும் ஒரே ஏரியால இருக்காங்க, தாய் மீனைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்க, காட்டுறவங்ககிட்ட கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்ல.

பீகாக் டேங்க் போடணும்னா நாலடிக்குக் கீழ வேண்டாம், எல்லாம் ஆணா வைக்கிறதுதான் நிம்மதி. பீகாக் பெண்ணுங்க எல்லா வகையும் ஒரே சாம்பல் பழுப்பு, எது எதோட ஜாதின்னு நமக்கும் தெரியாது, அதனால கலப்பு நிச்சயம். எட்டுப் பத்து ஆண், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லாம, ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்னு பொறுக்கி எடுங்க. எலக்ட்ரிக் ப்ளூ ஹாப் ஒண்ணு சேர்க்கலாம், ஆனா அது மீன் தின்னி, சின்னக் குட்டியோட விடாதீங்க. வீனஸ்டஸ், லிவிங்ஸ்டோனி ரெண்டும் பத்து இஞ்சு வரைக்கும் வளர்ற வேட்டைக்காரங்க, லிவிங்ஸ்டோனி செத்த மாதிரி மணல்ல சாய்ஞ்சு படுத்து கிட்ட வர்ற மீனைக் கவ்வும், ஆறடி டேங்க் இருக்குறவங்க யோசிக்கலாம்.

டாங்கன்யிகா மீனுங்களை மலாவி கூட்டத்தோட போடாதீங்க, வேகத்துலயும் முரட்டுத்தனத்துலயும் ஈடு குடுக்காது. ஆனா இடம் கம்மியா இருக்குறவங்களுக்கு இந்த ஏரி ஒரு வரம். மல்ட்டின்னு சொல்ற சங்கு சிக்லிட் ரெண்டு இஞ்சு கூட வராது, ரெண்டடி டேங்க்ல ஒரு குடும்பமே நடத்தும், ஒவ்வொண்ணும் ஒரு நத்தை ஓட்டுக்குள்ள குடியிருந்து மணலைத் தோண்டித் தோண்டி தன் வாசலைச் சரி பண்றதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அதுக்கு வயக்காட்டு நத்தை ஓடு போதும், நல்லாக் கொதிக்க வச்சு உள்ள சதை இல்லாம கழுவிப் போடுங்க, மீனுக்கு ரெண்டு ஓடு கணக்குல. எல்லா கடையிலும் கிடைக்காது, சொல்லி வச்சு வாங்கணும். நாலடி இருந்தா கீழ மல்ட்டி, பாறைல ஜூலிடோக்ரோமிஸ் ஒரு ஜோடி, மேல் தண்ணில சிப்ரிக்ரோமிஸ் கூட்டம்னு மாடி மாடியா வைக்கலாம், சிப்ரிக்ரோமிஸ் குதிக்கும், அதுக்கு நாலடியும் மூடியும் வேணும். பிரிச்சார்டி அழகுதான், ஆனா குட்டி போட ஆரம்பிச்சா அண்ணன் அக்கா மீனுங்க எல்லாம் சேர்ந்து தம்பி தங்கச்சியக் காவல் காக்கும், மத்த மீனை ஒரு மூலைல ஒதுக்கிரும், அதனால தனியா வைங்க. ட்ரோஃபியஸ், ஃப்ரண்டோசா ரெண்டும் அனுபவம் வந்த பிறகு, ஃப்ரண்டோசா ஒரு அடிக்கு மேல வளரும், தூங்குற சின்ன மீனை ராத்திரில முழுங்கும்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் ஃபயர்மவுத், கான்விக்ட், டெக்சஸ் எல்லாம் நம்ம போர் தண்ணில அட்டகாசமா வளரும். ஃபயர்மவுத் செவுள் விரிச்சு தொண்டை சிவப்பைக் காட்டி மிரட்டும், பெரும்பாலும் மிரட்டலோட நிறுத்திக்கும், நாலடில ஒரு ஜோடி வச்சு கூட மாலி, ஸ்வார்டுடெயில் விடலாம், இதுங்களும் அதே பக்கத்துக் கடினத் தண்ணி மீனுங்கதான், குட்டி போட்டா ஃபயர்மவுத்துக்குத் தீனி. கான்விக்ட் ஜோடி முட்டை போட்டுச்சுன்னா தன்னைப் போல ரெண்டு மடங்கு மீனைக் கூட விரட்டும். ஃபிளவர்ஹார்ன் மனுஷன் உருவாக்கின கலப்பு, தண்ணி பத்திக் கவலை இல்ல, ஆனா தனியாத்தான் வைக்கணும், ஜோடி சேர்த்துப் பாக்கலாமான்னு கேக்கவே வேண்டாம்.

நம்ம மண்ணுலயும் சிக்லிட் இருக்கு, அதைப் பேசாம விட மனசில்ல. ஏரில புடிச்சு விக்கிற ஜிலேபி ஆப்பிரிக்கால இருந்து வந்த சிக்லிட், ஆனா கேரளாக்காரங்க கரிமீன்னு கொண்டாடுறதும், ஆரஞ்சு க்ரோமைடும் இந்தியாவும் இலங்கையும் சொந்த ஊரா உள்ளவை. ஆரஞ்சு க்ரோமைடு மூணு இஞ்சு சைஸ், கடினத் தண்ணியும் லேசா உப்பும் இருந்தாப் பிரமாதமா இருக்கும், ஆறு ஏழு கூட்டமா மூணடி டேங்க்ல வைங்க. உப்புக் கரிக்கிற போர் தண்ணி வீட்டுக்கு நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான்.

டேங்க் உள்ள: எம்புனாவுக்குக் கல்லை அடில கண்ணாடி மேலயே தெர்மாகோல் விரிச்சு அடுக்கிட்டு அப்புறம் மணல் கொட்டுங்க, மணல் மேல அடுக்கினா தோண்டித் தோண்டி சரிச்சு விட்டுரும். கருங்கல், கூழாங்கல் எதுவும் ஓகே, தண்ணி ஏற்கனவே ஹார்டா இருந்தா சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சல் பொடியும் தேவையில்ல, மெட்ரோ தண்ணி வீட்டுக்காரங்க ஃபில்டர்ல ஒரு பை கிளிஞ்சல் வச்சா போதும். எம்-சாண்ட் முனை கூரா இருக்கும், பீகாக்கும் மல்ட்டியும் மணலை வாய்ல எடுத்துத் துப்புறவை, வேண்டாம். ஏப்ரல் மே மாசத்துல தண்ணி 32 டிகிரி தாண்டும்போது ஆக்சிஜன் குறையும், நெரிசல் டேங்க்ல கரன்ட் போனா ரொம்ப சீக்கிரம் மேல வந்து வாய் பொளக்கும், பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கண்டிப்பா வாங்கி வைங்க.

மீனை விடுற வரிசையும் முக்கியம், சாதுவானதை முதல்ல, முரடைக் கடைசில, முடிஞ்சா எல்லாமே ஒரே சைஸ் குட்டியா ஒரே சமயத்துல. பின்னாடி புதுசா ஒண்ணு சேர்க்கணும்னா ஒத்தையா விடாதீங்க, நாலஞ்சா விடுங்க, அன்னைக்கு கல்லை எல்லாம் இடம் மாத்தி அடுக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டு விட்டா பழைய மீனுங்களுக்குத் தன் எல்லை எதுன்னே தெரியாது, சண்டை பாதியாக் குறையும். அப்பவும் ஒண்ணு மத்ததை விரட்டிக்கிட்டே இருந்தா அடி வாங்குறதை எடுக்காதீங்க, அடிக்கிறதை எடுத்து ஒரு வாரம் தனி டப்பால வச்சுட்டுத் திருப்பி விடுங்க, அதுக்கும் அடங்கலன்னா கடைக்கே குடுத்துருங்க. ஏரி குளத்துல மட்டும் கொண்டு போய் விடாதீங்க, சக்கர் மீனை அப்படி விட்டு நம்ம நீர்நிலைங்க என்ன ஆகிட்டு இருக்குன்னு எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். தாடை உப்பி சாப்பிடாம நிக்கிற பெண்ணைப் பாத்தா நோய்னு பயந்து மருந்து ஊத்தாதீங்க, வாய்ல முட்டை வச்சிருக்கு, மூணு வாரம் கிட்ட அப்படியே இருக்கும், குட்டி காப்பாத்தணும்னா ரெண்டு வாரம் கழிச்சு மெதுவாத் தனி டேங்க்குக்கு மாத்தி, குட்டிய விட்டதும் நாலஞ்சு நாள் நல்லா சாப்பிட வச்சுத் தேத்தி, அதுக்கப்புறம் பழைய டேங்க்ல திருப்பி விடுங்க.